தண்ணீருக்கடியில் வைட் ஆங்கிள்: வெட் லென்ஸ் வாங்குவதும், அது கழன்று போகாமல் கட்டுவதும்

கேமராவை ஹவுசிங்குக்குள் (தண்ணீர் புகாத உறை) போட்டுக் கடலில் இறங்கிய முதல் நாளே ஒன்று தெரிந்துவிடும். தரையில் கல்யாணக் கூட்டத்தையே அடக்கிய அதே கேமரா, தண்ணீருக்குள் ஒரு ஆமையைக்கூட முழுதாக அடக்க மறுக்கும். பின்னால் நகர்ந்தால் ஆமை அடங்கும், ஆனால் படம் பச்சைப் புகை மூடியதுபோல் இருக்கும். இதற்கு வழி, ஹவுசிங்குக்கு வெளியே மாட்டும் கூடுதல் வைட் ஆங்கிள் லென்ஸ். தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றலாம் என்பதால் அதை வெட் லென்ஸ் என்று சொல்வார்கள்.

ஹவுசிங்கின் முன்னால் உள்ள தட்டையான கண்ணாடி ஜன்னலான போர்ட் வழியாகத் தண்ணீரைப் பார்க்கும்போது ஒளி விலகிப் பார்வைக் கோணம் குறுகுகிறது. 28 மி.மீ.க்கு இணையான லென்ஸ் தரையில் மூலைக்கு மூலை 75 டிகிரி பார்க்கும். தண்ணீரில் அது சுமார் 55 டிகிரிதான். 24 மி.மீ. லென்ஸில் 84 டிகிரி சுமார் 60 ஆகிவிடும். 2 மீட்டர் நீளமான ஒன்றை ஃப்ரேமின் மூலைக்கு மூலை அடக்க, 55 டிகிரியில் 1.9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 100 டிகிரி வெட் லென்ஸ் இருந்தால் 85 செ.மீ. போதும். 130 டிகிரியில் அரை மீட்டருக்கும் உள்ளே போய்விடலாம். அதிகக் காட்சியை அடக்குவதற்காக மட்டும் இந்த லென்ஸை வாங்குவதில்லை. உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் உள்ள தண்ணீரைக் குறைக்கத்தான் வாங்குகிறோம். கலங்கல் நாட்கள் அதிகமுள்ள புதுச்சேரிக் கடலில் இந்த வித்தியாசம் அந்தமானைவிடக் கூடுதலாகத் தெரியும்.

இந்த வழிகாட்டி காம்பாக்ட் கேமராவோ சின்ன மிரர்லெஸ்ஸோ வைத்து, தட்டை போர்ட் ஹவுசிங் பயன்படுத்துபவர்களுக்கானது. டோம் போர்ட் (குவிந்த கண்ணாடி முகப்பு) மாட்டிய பெரிய கேமராக்களுக்கு இந்த லென்ஸ் பொருந்தாது.

1. லென்ஸைப் பார்க்கும் முன் மூன்று எண்களை எழுதிவையுங்கள்

பெரும்பாலானவர்கள் நல்ல லென்ஸ் எது என்று தேட ஆரம்பிக்கிறார்கள். தேடல் உங்கள் கேமராவில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருவர் கேமராவில் அற்புதமாக வேலை செய்த லென்ஸ் உங்கள் கேமராவில் நான்கு மூலையும் கறுத்துப்போகும்.

முதல் எண், கேமராவின் மிக அகலமான ஃபோகல் லெங்த் (மி.மீ.யில் சொல்லும் எண், சிறிதாக இருந்தால் பார்வை அகலம்), ஃபுல் ஃப்ரேம் இணை அளவில், அதாவது 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கு மாற்றிச் சொன்னது. ஒலிம்பஸ் டிஜி-6, அடுத்து வந்த டிஜி-7 இரண்டும் 25 மி.மீ.யில் ஆரம்பிக்கின்றன. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் மூன்றாம் தலைமுறை முதல் எல்லாம் 24 மி.மீ.யில் ஆரம்பிப்பவை. வெட் லென்ஸ் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஃபோகல் லெங்த்துக்காகச் செய்யப்பட்டது. இனான் யுடபிள்யுஎல்-ஹெச்100, நாட்டிகாம் டபிள்யுடபிள்யுஎல்-1 இரண்டும் 28 மி.மீ.க்கானவை. நாட்டிகாம் டபிள்யுடபிள்யுஎல்-சி 24 மி.மீ. காம்பாக்ட்டுகளுக்கானது. 28 மி.மீ. லென்ஸை 24 மி.மீ. கேமராவில் மாட்டலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் 28 வரை ஜூம் செய்த பிறகுதான் கறுப்பு மூலை மறையும்.

இரண்டாவது எண், போர்ட்டின் மரை அளவு. இன்று பரவலாக இருப்பது 67 மி.மீ. மரை, எம்67 என்று எழுதியிருப்பார்கள். ஒலிம்பஸின் பிடி-059 ஹவுசிங்கில் அது 52 மி.மீ.தான். 67 மி.மீ. போர்ட்டை வெர்னியர் (நுண் அளவி) வைத்து அளந்தால் உள் விட்டம் 66 சொச்சம்தான் காட்டும். அது வேறு அளவு என்று பயப்பட வேண்டாம், உள்மரையின் முகடு அவ்வளவு உள்ளே வரும். லென்ஸின் வெளிமரையை அளந்தால் ஏறக்குறைய 67 வரும். சில பிளாஸ்டிக் ஹவுசிங்குகளில் மரையே இருக்காது. அவற்றுக்கு அந்த மாடலுக்கென்றே வரும் மவுண்ட் பேஸைத் தேட வேண்டும். பசை போட்டு ஒட்டும் யோசனை வேண்டாம்.

மூன்றாவது எண்ணைத்தான் யாரும் அளப்பதில்லை: கேமரா லென்ஸின் முகத்துக்கும் போர்ட் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி. கேமராவை ஆன் செய்து, வைடில் வைத்து, ஹவுசிங்கை மூடி, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். 5 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. 10 மி.மீ.யைத் தாண்டினால் கறுப்பு மூலை வர நிறைய வாய்ப்பு உண்டு. டிஜி வரிசையில் ஜூம் உள்ளுக்குள்ளேயே நகர்வதால் இந்த இடைவெளி மாறாது. ஆர்எக்ஸ்100 போன்றவற்றில் லென்ஸ் குழல் வெளியே நீண்டு வரும். அதிலும் 24-200 ஜூம் உள்ள ஆறாம், ஏழாம் தலைமுறைகளுக்கு நீண்ட போர்ட் தேவை. அந்தப் போர்ட்டில் வைடில் வைத்தால் இடைவெளி பெரிதாகிவிடும். அதனால்தான் அவற்றுக்கெனக் குட்டை போர்ட் தனியாக விற்கிறார்கள். குட்டை போர்ட் போட்டபின் டெலி (தூரப் பார்வை) பக்கம் ஜூம் செய்தால் குழல் கண்ணாடியில் முட்டி, கேமரா லென்ஸ் எரர் காட்டி நின்றுவிடும். எதுவரை ஜூம் செய்யலாம் என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஹவுசிங்கின் பின்புறம் ஒட்டுங்கள்.

2. கோணத்தைத் தீர்மானியுங்கள்

100 டிகிரி லென்ஸ் சின்னது, எடை குறைவு, விலையும் குறைவு. ஆமை, பவளத் திட்டு, உடன் வரும் டைவர் இவற்றுக்குப் போதுமானது. 130 டிகிரி லென்ஸில் படம் வேறு தரத்தில் இருக்கும், ஆனால் எடை ஒரு கிலோவைத் தாண்டும், கைப்பையில் பாதி இடத்தைப் பிடிக்கும். நடுவழி ஒன்றும் உண்டு. இனான் ஹெச்100 தனியாக 100 டிகிரி தரும். பின்னால் பணம் சேர்ந்ததும் அதன் மேல் டோம் யூனிட் ஒன்றைப் பொருத்தினால் 140 டிகிரியைத் தாண்டும். முதல் லென்ஸ் வாங்குபவருக்கு நான் சொல்வது 100 டிகிரிதான். மிதப்பில் கட்டுப்பாடு வராத கைக்கு 130 டிகிரி லென்ஸ் ஆபத்து: பவளத்துக்குக் கை நீளத்துக்கும் உள்ளே போனால்தான் அதில் படம் நன்றாக வரும், அங்கே ஒரு துடுப்பு உதை பத்திருபது வருட வளர்ச்சியை உடைத்துவிடும்.

வளைவு பற்றி ஒரு வார்த்தை. இந்த லென்ஸ்கள் எல்லாம் ஓரங்களை வளைக்கும். பவளம், மீன், மனித உருவம் இவற்றில் அது உறுத்தாது. நீச்சல் குளத்தில் ஓடு பதித்த சுவர் முன்னால் எடுத்தால் அப்பட்டமாகத் தெரியும். குளத்தில்தான் அதிகம் எடுப்பீர்கள் என்றால் இந்தச் செலவு தேவையில்லை.

முன்கண்ணாடி அக்ரிலிக்கா, நிஜக் கண்ணாடியா என்று கேளுங்கள். அக்ரிலிக்கில் கீறல் எளிதில் விழும், ஆனால் மெல்லிய கீறலைத் தண்ணீரே நிரப்பிவிடுவதால் படத்தில் பெரும்பாலும் தெரியாது. நுண்ணிய தேய்ப்புத் தாள் கொண்டு பாலிஷும் போடலாம். கண்ணாடியில் கீறல் விழுவது கடினம், விழுந்தால் சரிசெய்ய வழியில்லை.

தரையில் கேமராக் கடைகளில் கிடைக்கும் சாதாரண வைட் கன்வெர்ட்டரை வாங்கி மரையில் திருகும் யோசனை வேண்டவே வேண்டாம். அது காற்றுக்காகச் செய்தது. உள்ளே அடைப்பு இல்லாததால் தண்ணீர் புகும், கோணமும் கிடைக்காது.

3. மரையா, பயோனெட்டா?

மரை மவுண்ட் மலிவு, மரை அளவு ஒன்றாக இருந்தால் எந்த பிராண்டும் எதிலும் மாட்டும். சிக்கல், தண்ணீருக்குள் கையுறையோடு திருகுவது. 67 மி.மீ. மரையில் ஒரு முழுச் சுற்றுக்கு முக்கால் மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். பிடித்து நிற்க நாலைந்து சுற்று வேண்டும். நீரோட்டத்தில் நாலைந்து சுற்று என்பது நெடுநேரம். முதல் சுற்றே கோணலாகப் பிடித்தால் மரை தேய்ந்துவிடும். பிளாஸ்டிக் போர்ட்டில் மரை ஒருமுறை தேய்ந்தால் போர்ட்டே போனது மாதிரி.

பயோனெட் மவுண்ட்டில் வைத்துச் சற்றே திருப்பினால் க்ளிக் என்று பூட்டிக்கொள்ளும். போர்ட் மரையில் ஒரு அடாப்டர் வளையத்தை நிரந்தரமாகத் திருகிவிட்டு, லென்ஸை அதில் மாட்டுவது வழக்கம். ஒரே முழுக்கில் வைடும் மேக்ரோவும் (மிகச் சிறியவற்றின் நெருக்கப் படம்) எடுப்பவர்களுக்கு இந்தக் கூடுதல் செலவு நியாயமானது. ஆனால் அடாப்டரும் சில மில்லிமீட்டர் தடிமன் உள்ளது, முதல் படியில் அளந்த இடைவெளியோடு அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். 52-லிருந்து 67-க்கு மாற்றும் வளையமும் அப்படித்தான்.

கீல் வைத்துக் கதவுபோல் திறந்து மூடும் ஃப்ளிப் அடாப்டர் மேக்ரோ லென்ஸுக்கு அருமையானது. கனமான வைட் லென்ஸை அதில் தொங்கவிடாதீர்கள். கீல் வளையும், இடைவெளியும் கூடும்.

4. விலை, பில், சுங்கம், காலம்

ஆரம்பநிலை லென்ஸ்கள் சுமார் 150 முதல் 350 டாலர். நல்ல 100 டிகிரி லென்ஸ் 400 டாலரில் ஆரம்பிக்கும். உயர்தர 130 டிகிரி லென்ஸ் ஆயிரம் டாலரைத் தாண்டும். பட்ஜெட் போடும்போது லென்ஸ் விலையை மட்டும் எழுதினால் ஏமாந்துபோவீர்கள். அடாப்டர் வளையம், லென்ஸை ஓரமாக மாட்டிவைக்கும் ஹோல்டர், மிதவை, பாதுகாப்புக் கயிறு, நியோப்ரீன் மூடி எல்லாம் தனித்தனி. லென்ஸ் விலையில் கால் பங்கை இவற்றுக்கு ஒதுக்கிவையுங்கள்.

வெளிநாட்டுக் கடையில் இருந்து கூரியரில் இந்தியாவுக்கு வரவழைத்தால், பொருள் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்து அதன்மேல் சுங்க வரியும் ஐஜிஎஸ்டியும் கணக்கிடுவார்கள். கூரியர் நிறுவனம் கேஒய்சி கேட்கும். ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகலைத் தயாராக வைத்திருங்கள், அந்த மின்னஞ்சலைக் கவனிக்காமல் விட்டால் பார்சல் அங்கேயே நிற்கும். விலையைக் குறைத்து எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள். பிடிபட்டால் அபராதம். வழியில் உடைந்தால் காப்பீடும் எழுதிய தொகைக்கு மேல் வராது.

பயணத்துக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே ஆர்டர் போடுங்கள். வந்து சேர இரண்டு மூன்று வாரம், வீட்டில் சோதிக்க ஒரு வாரம், தவறான வளையம் வந்தால் மாற்ற மீதி நாட்கள். கடையின் திருப்பி எடுக்கும் கெடு எத்தனை நாள் என்பதையும், அது அனுப்பிய நாளிலிருந்தா கைக்கு வந்த நாளிலிருந்தா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தியாவில் இருந்து மாலத்தீவு, இலங்கை, இந்தோனேசியா என்று கருவிகளோடு கிளம்புகிறீர்கள் என்றால், புறப்படும் விமான நிலையத்தின் சுங்க அலுவலகத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். பில், பாஸ்போர்ட், டிக்கெட், சீரியல் எண்கள் வேண்டும். பொருளை நேரில் காட்ட வேண்டும் என்பதால் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே போய்விடுங்கள். திரும்பி வரும்போது இது புதிதாக வாங்கியதா என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில். லென்ஸைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். இந்திய விமானங்களில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் என்பதால், ஆர்ம் (வெளி விளக்கைத் தாங்கும் கை), மிதவை போன்றவற்றைப் பெட்டியில் போட்டு, கண்ணாடி உள்ளதையும் உதிரி லித்தியம் பேட்டரிகளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. கெடு முடியும் முன் வீட்டில் முக்கிப் பாருங்கள்

காற்றில் மாட்டிப் பார்த்துவிட்டு, ‘மூலை கறுப்பு, படம் மங்கல்’ என்று லென்ஸைத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. காற்றில் அது அப்படித்தான் இருக்கும். போர்ட்டுக்கும் வெட் லென்ஸுக்கும் நடுவில் தண்ணீர் நிரம்பினால்தான் ஒளி சரியான கோணத்தில் உள்ளே வரும்.

வெள்ளை நிறத்தில், துணி ஊறவைக்கும் அளவுள்ள பெரிய டப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கேமரா இல்லாமல் ஹவுசிங்குக்குள் டிஷ்யூ பேப்பர் வைத்து மூடி அரைமணி நேரம் முக்குங்கள். தாள் உலர்ந்தே இருந்தால் கேமராவை வையுங்கள். வெட் லென்ஸைத் தண்ணீருக்குள் வைத்தே மாட்டுங்கள். நல்ல வெயில் வெளிச்சத்தில் டப்பின் வெள்ளைச் சுவரை நோக்கி எடுங்கள். வைடில் ஒன்று, ஒவ்வொரு சிறு ஜூம் அடிக்கும் ஒன்று. எந்த இடத்தில் நான்கு மூலையும் வெள்ளையாகிறதோ அதுதான் உங்கள் வேலை செய்யும் ஜூம். இரண்டு மூலை மட்டும் கறுத்தால் லென்ஸ் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது இதழ் வடிவ ஹூட் திரும்பியிருக்கிறது. இதழின் நீண்ட பக்கங்கள் மேலும் கீழும் வர வேண்டும்.

அடுத்தது கூர்மை. பிளாஸ்டிக் உறையில் போட்ட செய்தித்தாளைச் சுவரில் நிறுத்தி அப்பெர்ச்சரை (லென்ஸின் திறப்பு) எஃப்2.8, எஃப்4, எஃப்5.6, எஃப்8 என்று மாற்றி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நடுப்பகுதி எல்லாவற்றிலும் நன்றாக இருக்கும், ஓரங்கள் எஃப்5.6-இலிருந்துதான் தெளியும். ஓரம் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் லென்ஸ் அச்சு பிசகியிருக்கலாம். மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று: கேமரா லென்ஸைச் சுற்றி வெள்ளை எழுத்துகள் இருந்தால், சூரியனுக்கு எதிராக எடுக்கும்போது அவை போர்ட்டில் பிரதிபலித்துப் படத்தில் பேயாக நிற்கும். கறுப்பு டேப்பை வளையமாக வெட்டி மூடிவிடுங்கள்.

6. கட்டுதல்

லென்ஸைக் கடலில் தொலைப்பவர்களில் பெரும்பாலோர் அது கழன்றதைப் பார்ப்பதே இல்லை. தண்ணீரில் குதிக்கும்போது ஒரு அதிர்ச்சி, படகின் இன்ஜின் அதிர்வில் அரைச் சுற்று, பவளத்தில் சிக்கிய ஆர்மை விலக்கும்போது இன்னொரு அரைச் சுற்று என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, கடைசியில் போய்விடுகிறது. ஆகவே மூன்று அடுக்குக் காவல் வேண்டும்.

முதல் அடுக்கு, மரை சுற்றாமல் இருப்பது. லென்ஸுக்கும் போர்ட்டுக்கும் நடுவில் 1 மி.மீ. தடிமனுள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஒன்றைப் போடுங்கள். அது பிடிப்பையும் தரும், உலோகம் உலோகத்தோடு இறுகிக்கொள்வதையும் தடுக்கும். அதைவிடத் தடிமன் வேண்டாம், இடைவெளி கூடும். கையால் இறுக்கினால் போதும், கருவி எதுவும் வேண்டாம்.

இரண்டாவது அடுக்கு, கண்ணுக்குத் தெரிவது. லென்ஸ் சரியாக இறுகிய நிலையில், போர்ட் விளிம்பில் இருந்து லென்ஸ் உடல் வரை பிரகாசமான நெயில் பாலிஷில் ஒரு கோடு போடுங்கள். கோடு நேராக இருந்தால் எல்லாம் சரி. விலகியிருந்தால் தளர்ந்துவிட்டது. முழுக்கின் நடுவில் ஒரே பார்வையில் இதைச் சோதிக்கலாம். பத்து ரூபாய் செலவு, பல ஆயிரம் ரூபாய்க் காவல். பயோனெட்டாக இருந்தால் க்ளிக் சத்தத்தை நம்பாதீர்கள், ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

மூன்றாவது அடுக்கு கயிறு. இது இல்லாமல் லென்ஸைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. லென்ஸ் உடலில் கயிறு போடும் துளை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், வளையமும் காதும் உள்ள கிளாம்ப் கிடைக்கும், அதை லென்ஸின் பின்பகுதியில் பொருத்தலாம். கயிறு 2 அல்லது 3 மி.மீ. நைலான் பின்னல் கயிறாக இருக்கட்டும். நீளம் 35 முதல் 45 செ.மீ. இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் லென்ஸைக் கழற்றி ஹோல்டரில் மாட்ட எட்டாது. கூடினால் கழன்ற லென்ஸ் ஊசலாடி, போர்ட்டிலோ பவளத்திலோ மோதும். நுனிகளை இரட்டை முடிச்சுப் போட்டு நெருப்பில் உருக்கி அழுத்துங்கள். வளையங்களும் கொக்கிகளும் 316 வகை துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாவிக்கொத்து வளையம் சில முழுக்குகளிலேயே துருவேறிவிடும். பிளாஸ்டிக் கேபிள் டை வெயிலில் முறுகி ஒடியும், தற்காலிகத்துக்கு மட்டும்.

கயிற்றின் மறுமுனையை எங்கே கட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஹவுசிங்கின் மூடிக் கொக்கியில் கட்டாதீர்கள், இழுபட்டால் மூடியே திறக்கும். உங்கள் பிசிடியிலும் (டைவர் அணியும் மிதப்பு அங்கி) கட்டாதீர்கள். கேமராவைப் படகில் இருப்பவரிடம் நீட்டும்போது லென்ஸ் உங்களோடும் ஹவுசிங் அவரோடும் போய் நடுவில் கயிறு இழுபடும். ஹவுசிங்கின் அடித்தட்டான ட்ரேயில் கட்டுங்கள். ட்ரேயில் இருந்து உங்களுக்குத் தனியாக ஒரு சுருள் லேன்யார்டு (பிடிகயிறு).

மேக்ரோ எடுக்கும்போது லென்ஸைத் தொங்கவிடாமல், ஆர்மில் பொருத்தும் லென்ஸ் ஹோல்டரில் மாட்டிவிடுங்கள். ஹோல்டர் மரையும் போர்ட் மரையும் ஒன்றாக இருக்க வேண்டும். போர்ட்டில் பயோனெட், ஹோல்டரில் மரை என்று வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய.

7. எடையைச் சமன் செய்யுங்கள்

கனமான லென்ஸ் மாட்டியதும் கேமரா மூக்கைத் தொங்கப்போடும். அரைமணியில் மணிக்கட்டு வலிக்கும், படம் ஆடும். மிதவை எவ்வளவு வேண்டும் என்று ஊகிக்கத் தேவையில்லை. பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசில் முழுக் கருவியையும் கட்டி, டப் தண்ணீரில் முழுதாக முங்கவிட்டு எண்ணைப் படியுங்கள். 650 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கடல்நீர் நன்னீரைவிட லிட்டருக்கு 25 கிராம் கூடுதலாகத் தூக்கும். கருவியின் பருமன் 3 லிட்டர் என்றால் 75 கிராம் கழியும், மீதி 575. அதில் 150 கிராமை அப்படியே விடுங்கள், கைவிட்டால் மெல்ல மூழ்க வேண்டும், மேலே பறக்கக் கூடாது. மீதி 425 கிராமுக்கு மிதவை.

மிதவையை ஆர்மில் மட்டும் போடாமல் முடிந்தால் லென்ஸைச் சுற்றிய காலராகப் போடுங்கள். அப்போது லென்ஸைக் கழற்றினாலும் கேமராவின் சமநிலை மாறாது. காலர் போட்ட லென்ஸைத் தனியாகவும் முக்கிப் பாருங்கள், அது சற்றே மூழ்குவதாக இருக்கட்டும். மென்மையான ஃபோம் ஆழத்தில் நசுங்கி மிதப்பை இழக்கும். 18 மீட்டருக்குக் கீழே போகிறவர்கள் கெட்டியான மிதவை வாங்குவது நல்லது.

8. இறங்கும்போதும் இறங்கியதும்

கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு படகிலிருந்து குதிக்காதீர்கள். இறங்கியபின் படகில் இருப்பவரிடம் வாங்குங்கள். கொடுப்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: பிடிக்க வேண்டியது ட்ரே கைப்பிடியை, லென்ஸை அல்ல. பார்க்கக் கைப்பிடிபோல் இருப்பதால் எல்லோர் கையும் லென்ஸுக்குத்தான் போகும்.

தண்ணீருக்குள் போனதும் முதல் வேலை குமிழி. போர்ட்டுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டிய காற்று படத்தின் மேற்பகுதியில் மங்கலான வில்லாகத் தெரியும். திரையில் அப்போது கவனிக்காமல் வீட்டில் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். 2 மீட்டர் ஆழத்தில் லென்ஸைக் கழற்றி, இரண்டு கண்ணாடியையும் விரலால் மெல்லத் தடவிக் குமிழிகளை விரட்டி, மீண்டும் மாட்டுங்கள். மரை லென்ஸை முழுதும் கழற்றப் பயமாக இருந்தால் இரண்டு சுற்றுத் தளர்த்தி, கேமராவைக் கவிழ்த்து ஆட்டி, மறுபடி இறுக்கலாம். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், புதிதாகக் குமிழி சேர்ந்திருக்கும்.

பெரும்பாலான காம்பாக்ட்டுகள் ஆஃப் செய்து ஆன் செய்தால் பழைய வைடுக்கே திரும்பிவிடும். ஐந்தாம் படியில் கண்டுபிடித்த ஜூம் போய்விடும். ஸ்டெப் ஜூம் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இத்தனை அடி என்று எண்ணி வைக்கலாம்.

கேமராவின் சொந்த ஃப்ளாஷ் இனி நேரடியாகப் பயன்படாது. லென்ஸின் நிழல் படத்தில் விழும். அதை ஃபைபர் ஆப்டிக் கேபிள் வழியாக வெளி ஸ்ட்ரோபை (தண்ணீருக்கடியில் பயன்படுத்தும் தனி ஃப்ளாஷ்) தூண்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரோபின் முகம் லென்ஸின் முன்விளிம்புக்குப் பின்னால் இருக்கட்டும். முன்னால் வந்தால் வெளிச்சம் கண்ணாடியில் அடித்துப் படம் வெளுக்கும், 130 டிகிரியில் ஸ்ட்ரோபே ஃப்ரேமில் தலைகாட்டும்.

பிறகு நெருங்குங்கள். இந்த லென்ஸ்கள் கண்ணாடியை ஒட்டி இருக்கும் பொருளையும் ஃபோகஸ் செய்யும். போதுமான அளவு நெருங்கிவிட்டோம் என்று தோன்றிய பிறகும் பாதித் தூரம் மிச்சமிருக்கும்.

9. மேலே வந்தபின்

வெயிலில் லென்ஸை வானம் பார்க்க வைக்காதீர்கள். மேலே ஏறிய உடன் நியோப்ரீன் மூடி, மேலே ஈரத்துண்டு. உப்பு காய்வதற்குள் நன்னீரில் போட வேண்டும். டைவ் சென்டரின் பொதுத் தொட்டியில் போட்டுவிட்டு நகராதீர்கள், அடுத்தவர் ஹவுசிங் வந்து விழும் இடம் அது. உங்களுக்கென்று ஒரு வாளி கேளுங்கள்.

ஒவ்வொரு நாள் முடிவிலும் லென்ஸைப் போர்ட்டிலிருந்து கழற்றித் தனியாக அரைமணி ஊறவையுங்கள். வாரம் முழுக்க மாட்டியே வைத்திருந்தால் மரையில் உப்புப் படிந்து கல்லாகிவிடும். அப்படி இறுகிவிட்டால் பலம் கொண்டு ஓரங்களைப் பிடித்துத் திருகாதீர்கள், வளையம் நசுங்கி முட்டை வடிவாகி இன்னும் இறுகும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, ரப்பர் விரிப்பை லென்ஸ் முகத்தின் விளிம்பில் வைத்து, உள்ளங்கையால் சமமாக அழுத்தியபடி திருப்புங்கள். வரவில்லையென்றால் மீண்டும் ஊறவையுங்கள். இரவு முழுக்க ஊறிய பிறகு பெரும்பாலும் வந்துவிடும். கழன்றதும் மரையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்தபின் ஓ-ரிங்கை மட்டும் கழற்றித் தனி டப்பாவில் போடுங்கள், மாட்டியபடியே வைத்தால் அடுத்த பயணத்துக்குள் அது தட்டையாகியிருக்கும்.